சிப்பிக் கல், செங்கல், மரக்கட்டை: அட்லாண்டிக் கரையில் மூன்று கோட்டைகள்

[வரைபடம்: ஃபுளோரிடாவிலிருந்து வடக்கே நகரும் கோடு]

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் ஐ-95 நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுகிறார்கள். வேகமாகப் போகலாம், ஆனால் கடல் கண்ணில் படாது. செயின்ட் அகஸ்டின், சவன்னா, சார்ல்ஸ்டன் மூன்று ஊர்களிலும் நண்பர்கள் வீட்டில் தங்கினோம். பகல் பொழுதைக் கோட்டைகளுக்குக் கொடுத்தோம்.

[காட்சி: சாம்பல் நிறச் சுவர், மிக அருகில்]

செயின்ட் அகஸ்டின் 1565இல் ஸ்பானியர் நிறுவிய ஊர். மரக்கோட்டைகள் ஒவ்வொன்றாக மக்கிப்போயின. 1668இல் கடற்கொள்ளையர் ஊரைச் சூறையாடிய பிறகுதான் கல்கோட்டைக்குப் பணம் வந்தது. 1672இல் வேலை தொடங்கியது. அதுதான் காஸ்டில்லோ டி சான் மார்கோஸ். கல்லின் பெயர் கொக்கினா. சிப்பி ஓடுகள் சுண்ணாம்பால் ஒட்டி இறுகியது. கிட்டே போனால் ஓடுகள் தனித்தனியாகத் தெரியும். இதை நம்பியா கோட்டை கட்டினார்கள் என்று தோன்றும். 1702இல் கரோலினாவிலிருந்து வந்த ஆங்கிலேயர் ஏறத்தாழ 50 நாள் முற்றுகையிட்டார்கள். ஊரே கோட்டைக்குள் அடைந்து கிடந்தது. குண்டுகள் சுவரில் புதைந்தன, சுவர் பிளக்கவில்லை. கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய வெற்றிடங்கள் நசுங்கி, அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டன.

[காட்சி: செங்கல் கோட்டை, அகழி]

சவன்னாவுக்கு அருகில் உள்ள புலாஸ்கி கோட்டை இதற்கு நேர் எதிர். சுமார் இரண்டே கால் மீட்டர் கனமுள்ள செங்கல் சுவர். அசைக்க முடியாது என்று நிபுணர்கள் நம்பினார்கள். 1862 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின்போது, வடக்குப் படை டைபீ தீவிலிருந்து சுட்டது. அதனிடம் குழலுக்குள் சுருள்வரி வெட்டிய புதுவகைப் பீரங்கிகள் இருந்தன. குண்டு சுழன்றபடி பாய்ந்ததால் தூரமும் போனது, ஆழமாகவும் துளைத்தது. சுவர் ஓட்டையாகி, வெடிமருந்து அறை ஆபத்தில் சிக்கியதும், 30 மணி நேரத்தில் கோட்டை சரணடைந்தது. சில குண்டுகள் இன்னும் சுவரிலேயே இருக்கின்றன.

சார்ல்ஸ்டனில் எல்லோரும் சம்டர் கோட்டைக்குப் படகு ஏறுகிறார்கள். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய இடம் அல்லவா! எனக்குப் பிடித்தது எதிரே சல்லிவன் தீவு. அமெரிக்க விடுதலைப் போரில், 1776 ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தாக்கியபோது, அங்கே இருந்தது பால்மெட்டோ மரக்கட்டைகளை இரு வரிசையாக அடுக்கி நடுவே மணல் கொட்டிய, பாதி கட்டிய கோட்டை. பனைக் குடும்பத்து மரம். உள்ளே நாரும் சோறுமாக இருக்கும். குண்டுகள் அதில் சிக்கி நின்றன. கப்பல்கள் திரும்பிப் போயின. தெற்கு கரோலினாவின் கொடியில் அந்த மரம் இருப்பது இதனால்தான். இப்போது அங்கே நிற்பது பிறகு கட்டிய செங்கல் கோட்டை. கட்டைகளைத் தேட வேண்டாம்.

மென்மையான சுவர் வென்றது, கெட்டியான சுவர் தோற்றது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அது சரியான ஒப்பீடு ஆகாது. சிப்பிக் கல்லும் மரக்கட்டையும் தாங்கியது பழைய உருண்டைக் குண்டுகளை. சுருள்வரிப் பீரங்கியை அவை சந்திக்கவே இல்லை.

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் உண்டு என்றால் புலாஸ்கிக்குப் போங்கள். கிளம்புமுன் கடல் ஏற்ற நேரத்தைப் பாருங்கள். ஓதம் அதிகமான நாள்களில் கோட்டைக்குப் போகும் சாலையில் தண்ணீர் ஏறிவிடும்.