கர்நாடக வயலின்காரங்க மியூசிக் டிகிரி ஆடிஷனுக்குப் போகலாமா?

வணக்கம், வாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ பட்டர்வொர்த்லயோ பல வருஷமா வயலின் படிச்சு, வர்ணம், கீர்த்தனைன்னு கை நல்லா ஓடுது. எஸ்.பி.எம். இல்ல படிவம் 6 முடியப் போகுது. செராஸ்ல யூசிஎஸ்ஐ, பினாங்குல யூஎஸ்எம் மாதிரி இடத்துல மியூசிக் படிக்கலாமான்னு ஒரு யோசனை. திறமையைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல ஒரு பரிசோதனை.

ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியம்) கிரேடு 5 சைட் ரீடிங் புத்தகத்துல, அதாவது முன்னப் பார்க்காத நோட்டை அப்பவே பார்த்து வாசிக்கிற பயிற்சிப் புத்தகத்துல, நீங்க பார்க்காத பக்கத்தைத் திறங்க. 30 விநாடி பாருங்க, அவங்க பரீட்சையில கொடுக்கிறதும் அவ்ளோதான். அப்புறம் நிறுத்தாம வாசிங்க. தப்பு வந்தா பரவால்ல, தாளம் நின்னா சிக்கல். பெரும்பாலும் இங்கதான் மாட்டுவோம், ஏன்னா நம்ம படிப்பு காதால வந்தது. தினம் 15 நிமிஷம், புதுசு புதுசா எட்டு பார் (நோட்டுல கோடு போட்டுப் பிரிச்ச தாளக் கட்டம்). வாசிச்சதையே திரும்ப வாசிச்சா அது மனப்பாடம், சைட் ரீடிங் கணக்குல சேராது.

அடுத்தது சுருதி. 5 கட்டைக்கு கம்பி ஜி-டி-ஜி-டி. ஆடிஷன்ல கேட்கிறது ஜி-டி-ஏ-ஈ. மேல ரெண்டு கம்பியையும் ஒவ்வொரு முழு சுரம் ஏத்தணும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஏத்தும்போது பிரிட்ஜ் விரல் பலகை பக்கம் சாயும், அப்பப்ப நிமிர்த்தலைன்னா டப்புன்னு விழுந்துரும். பழைய கம்பின்னா மாத்திட்டே ஏத்துங்க. விரலுக்கும் குழப்பம்தான். இங்க பாருங்க, ரெண்டாவது கம்பியில அந்தர காந்தாரம் இதுவரைக்கும் ரெண்டாவது விரல். இப்ப அதே சுரம், மேற்கத்திய பேர்ல ‘பி’, முதல் விரல்லயே வந்துருச்சு.

கமகம்? நேரா நிக்க வேண்டிய சுரத்துல பழக்கதோஷத்துல ஒரு அசைவு கொடுத்தீங்கன்னா, கேட்கிறவங்க காதுக்கு அது சுருதி விலகல். தீர சங்கராபரணத்தை அசைவே இல்லாம, தம்புரா ஆப்பை அணைச்சுட்டு வாசிச்சுப் பாருங்க. அதான் மேஜர் ஸ்கேல். கீரவாணி ஹார்மோனிக் மைனர். பாதி தியரி ஏற்கெனவே கையில இருக்குங்க, பேர்தான் வேற.

உட்கார்ந்து வாசிச்சவங்க இப்ப நின்னு வாசிக்கணும். பாதத்துல ஊன்றியிருந்த வயலினை தோளும் தாடையும் தாங்கணும். இடது கை தாங்க ஆரம்பிச்சா விரல் ஓடாது. இதுக்கு மட்டும் சில மாசம் வைங்க.

ஆடிஷனுக்கு மூணு மாசம்தான் இருக்கு, சைட் ரீடிங் தாளம் நிக்குதுன்னா, என்னைக் கேட்டா அடுத்த இன்டேக்குக்குத் தள்ளுங்க. தாளம் ஓடுது, சுரம் மட்டும் தப்புதுன்னா தைரியமா விண்ணப்பப் பாரத்தை அனுப்புங்க. அசைவில்லாத சங்கராபரணத்தை வாசிக்கவே கசக்குதா? படிப்பு முடியற வரைக்கும் அதுக்குள்ளதான் இருக்கப் போறீங்க, யோசிங்க.

பாரம் அனுப்புறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல கேளுங்க: ஆடிஷன்ல வாசிக்கிற உருப்படிகள்ல ஒண்ணு கர்நாடகமா இருக்கலாமா, கூட பியானோ வாசிக்க ஆள் அவங்க தருவாங்களா, தியரி சான்றிதழ் எந்த கிரேடு. பதிலை ஈமெயில்லயே வாங்கிக்குங்க.