செக்கு நீந்தி வராது

(தலைப்பு: ஊரை வாழ வைப்பது கொடுக்கும் மனமா, உழைக்கும் கரமா? 'உழைக்கும் கரமே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும் 'கொடுக்கும் மனமே' அணியினரே, பொங்கல் விழாவுக்குக் கூடியிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, இவர்கள் எப்போது பேசி முடிப்பார்கள், பாட்டுக் கச்சேரி எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி இரண்டே இரண்டு பேரைச் சொல்லிக் கைதட்டலை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஒருவர் மதுரை கொடிக்குளத்து ஆயி பூரணம் அம்மாள். ஊர்ப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்குவதற்காக, கோடிக்கணக்கில் விலை போகும் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை, மறைந்த மகளின் நினைவாக எழுதிக் கொடுத்தவர். இன்னொருவர் பாலம் கல்யாணசுந்தரம் ஐயா. ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்து, வாங்கிய சம்பளத்தைப் பிறருக்கே கொடுத்தவர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர். இருவரையும் நானும் கும்பிடுகிறேன். அதில் அணி பேதம் கிடையாது.

ஆனால் நடுவர் அவர்களே, சம்பளம் மொத்தத்தையும் கொடுத்துவிட்ட மனுஷன் சாப்பிட்டது எப்படி? சகோதரி அதை வசதியாக விட்டுவிட்டார். ஐயா ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். மேசை துடைத்தார். அவரை முழுசாக உங்கள் அணியில் சேர்த்துக்கொள்ள விடமாட்டோம், பாதி ஆள் எங்களுக்கு!

சரி, கொடிக்குளத்து அம்மா? அவர் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து பெயர் தெரியாத பள்ளிக்குப் பணம் அனுப்பவில்லை. அந்த மண்ணைச் சேர்ந்தவர். அந்தப் பள்ளிக்கு எது குறை என்பது அவருக்குத் தெரியும். நான் சொல்ல வந்ததே அதுதான். பணம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, இறங்கி வேலை செய்கிற ஆள் உள்ளூரில் இல்லையென்றால், அந்தப் பணம் ஊர் எல்லையிலேயே வழி தெரியாமல் நிற்கும்.

2023 டிசம்பர் 17ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வண்டியை நிறுத்திவைத்ததால்தான் சுமார் 800 உயிர் தப்பியது. அது ரயில்வேக்காரர்களின் கடமை உணர்வு, அதற்கு ஒரு சல்யூட். ஆனால் 800 பேருக்குச் சோறு?

அந்த ரயிலில் யார் யார் இருந்திருப்பார்கள்? ஏசி பெட்டியில் வந்தவர் இருந்திருப்பார், பையில் நாலைந்து வங்கியின் கார்டு வைத்திருந்தவர் இருந்திருப்பார், முருகனுக்குப் பால்குடம் எடுத்துவிட்டு வந்த பாட்டி இருந்திருப்பார். சுற்றிலும் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, கடை இல்லை. அந்த இடத்தில் ஒரு லட்ச ரூபாய்க் கட்டுக்கு என்ன மரியாதை? விசிறிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வந்தவர்கள் யார் தெரியுமா? பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும்தான் வெள்ளம். நம் வீட்டுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவர்களுக்கும்தான் இருந்திருக்கும். ஆனாலும் கோயிலில் அடுப்பு மூட்டி, வீட்டில் இருந்த அரிசி பருப்பைக் கொட்டிச் சமைத்து, முன்பின் தெரியாத பயணிகளுக்குப் போட்டார்கள். ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடுவதற்கு முன்னாலேயே அந்தச் சோறு வந்துவிட்டது. நாட்டில் எத்தனையோ பேர் அன்றைக்குப் பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள், மறுக்கவில்லை. செக்கு நீந்தி வராது நடுவர் அவர்களே. மனுஷன்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வரமுடியும்.

எதிரணித் தலைவர் குறிப்பு எடுக்கிறார். 'அரிசி கொடுத்ததும் கொடைதானே' என்று கேட்கப்போகிறார். ஐயா, அரிசியை மட்டும் கொடுத்திருந்தால் பயணிகள் பச்சை அரிசியைத்தான் மென்றிருக்க வேண்டும்!

2015 டிசம்பரில் சென்னையும் இதைத்தான் பார்த்தது. ஏடிஎம் இயங்கவில்லை, செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. கோடி ரூபாய் வீட்டின் மொட்டை மாடியில் நின்று கையை ஆட்டியவர்களை ஏற்றிக்கொண்டு வந்தவை மீனவர்களின் படகுகள். கேரளத்தில் 2018 ஆகஸ்டில் மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டே உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

அடுத்து ஒரு கசப்பான விஷயம். கொடுக்கிற மனம் மட்டும் இருந்து, கேட்கிற காதும் உழைக்கிற கையும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்தோம். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் நேற்றுவரை சொந்தப் படகில் தொழில் செய்து, தலை நிமிர்ந்து வாழ்ந்த குடும்பம், யாரோ உடுத்திக் கழித்த சட்டையைக் கை நீட்டி வாங்குமா? வாங்கவில்லை. துணி சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்தது. நிவாரண வேலையோடு அதை அப்புறப்படுத்துவது தனி வேலையாகப் போயிற்று. 'உங்களுக்கு என்னம்மா வேணும்?' என்று ஒருவர் குப்பத்துக்குள் போய்க் கேட்டிருந்தால் அந்த லாரி வாடகைக்குச் சமையல் பாத்திரம் வாங்கியிருக்கலாம்.

அதே சுனாமியில், பரங்கிப்பேட்டை ஜமாத்தார் யாரும் சொல்லாமலே, கடலோரக் குப்பங்களிலிருந்து உயிர் பிழைத்து ஓடி வந்தவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். ஓடி வந்தவன் எந்த மதம் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இறந்தவர்களின் உடல்களை இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்த தன்னார்வலர்கள் இருந்தார்களே, அந்த வேலைக்கு என்ன கூலி நிர்ணயிப்பீர்கள்? கோடி ரூபாய் தருகிறேன் என்றாலும் நம்மில் பாதிப் பேர் போயிருக்க மாட்டோம். நானும் போயிருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பணத்தால் வாங்கவே முடியாத ஒன்றைச் சொல்லட்டுமா? ரத்தம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதே இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அம்பானியாக இருந்தாலும் ஆட்டோ ஓட்டுபவராக இருந்தாலும், இன்னொரு மனிதர் சும்மா வந்து கையை நீட்டினால்தான் உண்டு. வாங்கி அடுக்கி வைக்கவும் முடியாது. டெங்கு காலத்தில் தேடுகிறோமே தட்டணுக்கள், அவை தாங்குவது 5 நாள்தான்.

இதற்காக ஊருக்கு ஊர் ஒருவர் இருப்பார். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருப்பார். பெயர், பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி. ராத்திரி 11 மணிக்கு போன் வரும். 'ஏ நெகட்டிவ் அவசரம்ணே, பிரசவ கேஸ்.' உடனே டைரியைப் புரட்டுவார். 'முருகன் போன மாசம்தான் கொடுத்தான், மூணு மாசம் ஆகணும், அவன் வேண்டாம். செல்வியக்காவுக்கு நாலு மாசம் முடிஞ்சிருச்சு, ஆனா ரத்தம் கம்மின்னு போன தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. எபனேசரை எழுப்பு.' எபனேசரை எழுப்பி, பைக்கில் உட்கார வைத்து, மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, ரத்தம் கொடுத்தபின் ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவருவார். அவருக்கு விருது கிடையாது, பேனர் கிடையாது. பெட்ரோல் காசுகூட அவருடையதுதான். 'ரத்த தானம் என்றால் அதுவும் தானம்தானே, அவர் எங்கள் அணி' என்று யாரும் கிளம்பாதீர்கள். அது பர்சிலிருந்து வருவதல்ல, நரம்பிலிருந்து வருவது!

இன்னொரு பக்கம், ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தேன், பெயர் வேண்டாம். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மேலே கிரானைட் பலகை, அதில் ஐந்து பேர் பெயர், தங்க எழுத்து. திறப்பு விழாவுக்கு மேளம், சால்வை, போட்டோ. போட்டோவில் மெஷின் மட்டும் தெரியவில்லை, அத்தனை பேர் மறைத்து நின்றார்கள். சில மாதம் கழித்து ஃபில்டர் அடைத்துக்கொண்டது. மாற்ற ஆளில்லை. இப்போது குழாய் பிடி உடைந்து, சங்கிலியில் கட்டிய டம்ளர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிரானைட் அப்படியே பளபளப்பாக இருக்கிறது. பெயர் பலகையைத் துடைக்க ஆள் கிடைத்திருக்கிறது போல.

'பணமில்லாமல் எது நடக்கும்? பொக்லைனுக்கு டீசல் யார் ஊற்றுவது?' என்று கேட்டார் எதிரணித் தலைவர். நியாயமான கேள்வி, நழுவ மாட்டேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணிப் பக்கம் ஒரு தலைமுறை வளர்த்த தென்னையெல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. காவிரிப் பாசனத்தின் கடைமடை அது. ஆற்று நீர் வந்து சேருவதே பெரும்பாடு. அங்குள்ள இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்று ஒரு சங்கமாகச் சேர்ந்து, 2019இல் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினார்கள். பொக்லைன் ஓடியது, டீசல் ஊற்றப்பட்டது, அதற்குப் பணமும் வந்தது. எப்போது வந்தது? முதலில் கைக்காசைப் போட்டு அவர்கள் குளத்துக்குள் இறங்கி நின்ற பிறகு! வேலை நடக்கிறதைப் பார்த்தவர்கள் கொடுத்தார்கள். அந்தக் குளம் அத்தனை வருஷம் தூர்ந்து கிடந்தபோதும் பணக்காரர்கள் இருந்தார்கள்தானே, அப்போது ஏன் டீசல் ஊற்றவில்லை? நம்பி யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் இருந்திருப்பார்கள். வெயிலில் நின்று கருத்துப்போன ஒருவன் 'அண்ணே, இன்றைக்கு இவ்வளவு வேலை முடிந்தது, இவ்வளவு செலவு' என்று கணக்குச் சொல்லும்போதுதான் கொடுக்கும் மனம் என்ற ஒன்றே பிறக்கிறது. உங்கள் அணியைப் பெற்றதே எங்கள் அணிதான் ஐயா!

நடுவர் மணி அடித்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எதிரணி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பந்தலும் நாற்காலியும் ஒரு பெரியவரின் உபயம் என்று தொடக்கத்தில் அறிவித்தார்கள், அவருக்கு நன்றி. கச்சேரி முடிந்ததும் அந்த நாற்காலிகளையெல்லாம் அடுக்கி லாரியில் ஏற்ற வேண்டும். எங்கள் அணியில் மூன்று பேரும் இருக்கிறோம். உங்களில் யாராவது இருப்பீர்களா, இல்லை கார் வந்துவிட்டதா?

நன்றி, வணக்கம்.