களியக்காவிளை டவரும் பெத்லகேம் டவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழைய தொல்லை நினைவிருக்கும். முன்வாசலில் நின்றால் போன் தமிழ்நாடு காட்டும், கொல்லைப்புறம் போனால் கேரளம். பாறசாலைப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் என்று காசு குறையும். நாம் எல்லையைத் தாண்டவே இல்லை, போன்தான் தாண்டியது. இந்தியாவுக்குள் இன்று அந்தக் கவலை இல்லை. வெளிநாட்டில் அதே கதை இன்னும் நடக்கிறது, காசு மட்டும் பல மடங்கு.

கல்ஃபுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாடு, இறங்கியதும் அந்த ஊர் சிம். அமீரகத்தில் அந்த ஊர் சிம் போட்டால் வாட்ஸ்ஆப் மெசேஜ் போகும், வாட்ஸ்ஆப் கால் போகாது. இதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அம்மாமார் பயந்துவிடுவார்கள். நான் பேச வந்தது பத்துப் பன்னிரண்டு நாளில் மூன்று நான்கு நாடு சுற்றி வருகிறவர்களைப் பற்றி. தேவாலயப் பங்கிலிருந்து எகிப்து, எருசலேம், ஜோர்தான் என்று புனிதப் பயணம் போகும் குழுக்கள். ரோம், பிரான்ஸின் லூர்து, போர்ச்சுகலின் பாத்திமா போகிறவர்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து சுற்றுலாப் போகிறவர்கள். இப்படிப் பல குழுக்களுக்கு நான் வழித்துணையாகப் போயிருக்கிறேன்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சாரே, எத்தனை ஜிபி போடணும்?" என்பதுதான். ஜிபி கிடக்கட்டும். முதலில் ஒரு தாளில் உங்கள் வழியை எழுதுங்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி எங்கே மாறுகிறீர்கள், எந்த நாட்டில் எத்தனை இரவு, எந்த எல்லையைப் பஸ்ஸில் கடக்கிறீர்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் வாங்கப் போகும் ரோமிங் பேக்கின், அதாவது வெளிநாட்டில் போன் ஓட முன்கூட்டியே காசு கட்டி வாங்கும் திட்டத்தின், நாடுகள் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.

விமானம் மாறும் ஊரையும் விடாதீர்கள். நான்கு மணி நேரம் ஒரு விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்போம். அங்கே போனை ஆன் செய்ததும் அந்த நாட்டு நெட்வொர்க்கைப் பிடிக்கும். முதன்முதல் வெளிநாட்டு டவரைப் பிடித்த நேரத்திலிருந்தே நாள் கணக்கைத் தொடங்கும் பேக்குகள் உண்டு. ஒரு பயணத்தில் எங்கள் குழுவில் சிலருக்கு இப்படி முதல் நாள் பேக் விமான நிலைய நாற்காலியிலேயே கரைந்துபோனது. நாள் என்றால் 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடிகிற நாளா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி எல்லைகள். எகிப்திலிருந்து தாபா என்ற எல்லை ஊர் வழியாக இஸ்ரேலுக்குள் நுழைகிற இடம் அக்காபா வளைகுடாவின் தலைமாடு. நம் குமரிமுனையில் மூன்று கடல் கூடுகிற மாதிரி, அங்கே எகிப்து, இஸ்ரேல், ஜோர்தான், சவூதி என்று நான்கு நாட்டுக் கரையும் கண்ணுக்குத் தெரியும். போன் எந்தக் கரையைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சாக்கடலிலும் அப்படித்தான். இஸ்ரேல் பக்கம் இக்கரையில் குளித்துக்கொண்டிருப்போம், 'ஜோர்தானுக்கு நல்வரவு' என்று மெசேஜ் வரும்.

பெத்லகேமில் இன்னொரு சிக்கல். எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அது பாலஸ்தீனப் பகுதி. இஸ்ரேலின் நாட்டு எண் 972, பாலஸ்தீனத்துக்கு 970. நெட்வொர்க்கும் வேறு. இஸ்ரேல் என்று மட்டும் போட்ட பேக்கோடு போனால், பிறப்பிடக் கோவிலின் அந்தக் குனிந்து நுழைகிற சின்ன வாசல் முன்னே வீட்டுக்கு வீடியோ கால் போடலாம் என்று நிற்கும்போது நெட் நின்றுபோகலாம். இல்லையென்றால் பேக்குக்கு வெளியே காசு ஓடும். ஆகவே பட்டியலில் பாலஸ்தீனம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லை ஊர்களில் ஆட்டோமேட்டிக் நெட்வொர்க்கை நிறுத்திவிட்டு, உங்கள் பேக்கில் சொன்ன நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ரோமில் வாங்கிய சிம் பொதுவாக லூர்திலும் பாத்திமாவிலும் ஓடும், வாங்கிய நாட்டுக்கு வெளியே டேட்டா அளவு கொஞ்சம் குறையலாம். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம் ஓடிபி. எங்கள் குழுவில் வந்த ஒரு அக்கா, புதுச் சிம் போடுவதற்காகக் காதுக் கம்மலின் முனையால் போனின் சிம் தட்டைத் திறந்து, ஊர்ச் சிம்மை டிஷ்யூவில் சுருட்டிப் பர்சில் வைத்தார். மூன்றாம் நாள் மகனுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வங்கியின் ஓடிபி வரவேண்டிய சிம்மைத் தேடினால் டிஷ்யூவே இல்லை. குப்பை என்று யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். ஓடும் பஸ்ஸில் அந்த அக்கா பர்சைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியதை நான் மறக்கவில்லை. ஊர்ச் சிம்மைக் கழற்றவே கழற்றாதீர்கள். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, எஸ்எம்எஸ் வருகிற அளவுக்கு ரோமிங்கைக் கம்பெனியிடம் சொல்லித் திறந்து வையுங்கள். நெட்டுக்கு இரண்டாவது சிம், இல்லையென்றால் இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்.

என் கணிப்பில், நாடு மாறிக்கொண்டே போகிறவர்களுக்கு இ-சிம்தான் நல்லது. உங்கள் போன் ஏற்குமா என்று பார்க்க ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அழுத்துங்கள். இஐடி என்று 32 இலக்க எண் வந்தால் ஏற்கும். பல நாடுகளுக்குச் சேர்த்து ஒன்றாக வாங்கலாம். வீட்டு வைஃபையிலேயே கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள். நடுவில் அழித்துவிடாதீர்கள், அதே கோடு மறுபடி ஏறாமல் போகலாம். இவற்றில் பெரும்பாலானவற்றில் நெட் மட்டும்தான், பேச நம்பர் இருக்காது. வாட்ஸ்ஆப், 'நம்பரை மாற்றவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிளம்பும் முன் இன்னும் சில வேலை. வாட்ஸ்ஆப் செட்டிங்கில் ரோமிங்கின்போது படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்ட் போட்டிருந்தால் ஹாஷ், ஹாஷ், பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, ஹாஷ் அழுத்தி நீக்குங்கள். இல்லையென்றால் வெளிநாட்டில் நீங்கள் எடுக்காத அழைப்பு திரும்ப இந்தியாவுக்கே போய் இரண்டு பக்கமும் காசு ஏறலாம். விமானத்திலும் கப்பலிலும் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் போன் பிடிக்காமல் ஃபிளைட் மோடிலேயே வையுங்கள். சாதாரண பேக்குகளில் அது சேராது.

பெரியவர்கள் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே நின்றுவிட்டது. 2ஜி மட்டும் உள்ள போன் அங்கே வெறும் கடிகாரம். அவர்களுக்குப் போன் எது கொடுத்தாலும், வீட்டு நம்பரை முன்னால் பிளஸ் 91 சேர்த்துப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தங்கும் ஹோட்டலின் பெயரையும் குழுத் தலைவர் நம்பரையும் அதன் கீழே எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்து அனுப்புங்கள். வணக்கம்.