மார்கழியில் ஒண்டியாகத் தூண்டில் போட்டால் மீன் கடிக்காதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. இந்த வாரம் கேள்வி நிறைய வந்திருக்கு. அதுல ஒண்ணு மட்டும் மண்டையில ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. அதையே எடுத்துக்கறேன். கடலூர்லேருந்து ஒரு தம்பி கேக்கறாரு: "அண்ணா, மார்கழில விடியக்காலையில தேவனாம்பட்டினம் கரையில ஒண்டியா போயி தூண்டில் போட்டேன். ஒரு கடிகூட இல்ல. குளிருக்கு மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிடுமா? யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணுமா?"

குளிரு நமக்குத்தான் தம்பி. மஃப்ளரு, குல்லா எல்லாம் நமக்குத்தான். புதுச்சேரி, கடலூர் ஓரத்துல மார்கழி, தையிலகூட கடல் தண்ணி 26, 27 டிகிரி இருக்கும். சித்திரை, வைகாசியில 29, 30. இந்த மூணு டிகிரிக்காக எந்த மீனும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போவாது. விடியக்காலையில கால வச்சுப் பாருங்க, மணலு ஜில்லுன்னு இருக்கும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். ஐஸை ஓட்டை போட்டு மீன் புடிக்கிற வெளிநாட்டு வீடியோவைப் பாத்துட்டு நம்ம பசங்க இங்கேயும் அதே கணக்குப் போடறாங்க.

அப்ப மழை காலத்துக்கு அப்புறம் இங்க என்னதான் மாறுது? ஆத்துத் தண்ணி மாறுது. இதை எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். தூண்டிலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க. சும்மா பார்வை இல்ல, நிறத்தைப் பாருங்க.

தம்பி நின்ன இடத்தையே எடுத்துக்குங்க. தேவனாம்பட்டினத்துக்கு வடக்க தாழங்குடா. பெண்ணையாறு கடல்ல வந்து விழற எடம். ஐப்பசி, கார்த்திகையில மேல எங்க மழை பேஞ்சாலும், சாத்தனூர் அணையில திறந்தாலும், கடைசியில அந்த செம்மண் தண்ணி தாழங்குடாவுலதான் வந்து கொட்டும். சரி, கொட்டுன தண்ணி எங்க போவும்? வாடைக்காத்து காலத்துல நம்ம கரையோரமா நீரோட்டம் வடக்கேருந்து தெக்க ஓடும். மாசி வாக்குலதான் திரும்பும். அப்படின்னா பெண்ணையாத்துக் கலங்கல் மொத்தமும் நேரா தேவனாம்பட்டினம் பக்கந்தான் இறங்கும். தம்பி போன அன்னிக்கு தண்ணி டீ நிறத்துல இருந்திருந்தா, அவரு கலங்கலுக்குள்ள இரையைப் போட்டுட்டு உக்காந்திருந்திருக்காரு. அன்னிக்கே முகத்துவாரத்துக்கு வடக்க, மூர்த்திக்குப்பம், நரம்பைன்னு இருக்கற ஊருங்க பக்கம் போயிருந்தா தண்ணி தெளிவா இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வண்டியில கொஞ்ச தூரம், அவ்வளவுதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்துச்சே, ஞாபகம் இருக்கா? புதுச்சேரியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. அப்புறம் பெண்ணையாத்துல வெள்ளம் வந்து கடலூர் பக்கம் என்ன பாடு பட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி வெள்ளம் வடிஞ்ச கையோட கரையில போயி கிழங்கான் மீனைத் தேடறது வீண் வேலை. கலங்கல்ல கண்ணு தெரியாமலே இரை எடுக்கிற கெளுத்தி மாட்டும். கலங்கலும் தெளிவும் ஒட்டுற கோடு ஒண்ணு இருக்கும், மேல நுரையும் குப்பையும் வரிசையா மிதக்கும், அந்த ஓரத்துலதான் கொடுவா சுத்தும். அதனால கலங்கல்னா மீனே இல்லன்னு நெனைக்காதீங்க. எந்த மீனுங்கறது மாறும்.

புதுச்சேரி நகரத்துப் பக்கம் பாறாங்கல்லு மேல நின்னு போடறவங்க கதை வேற. அங்க கல்லு சந்துல செப்பிலி இருக்கும், தூண்டில் முள்ளு சிக்கும், பாசியில காலு வழுக்கும். ஒண்டியா போற ஆளுக்கு அந்த இடத்தை நான் சொல்லவே மாட்டேன்.

சரி, இப்ப துணை. என்னைக் கேட்டா, கிழங்கானுக்குப் போறவங்க ஒண்டியாத்தான் போவணும். கிழங்கான் மணல்தரை மீன். வாயி சின்னது, மணலைக் கிளறி புழு, பூச்சி, குட்டி இறாலு தின்னும். பயந்துதுன்னா அப்படியே மணலுக்குள்ள புதைஞ்சுக்கும், மேல வலையை இழுத்தாக்கூட தப்பிச்சுக்கும். அப்பேர்ப்பட்ட மீனுக்கு எதிர்க்க நாலு பேரு புளூடூத் ஸ்பீக்கரு வச்சுக்கிட்டு முட்டி அளவு தண்ணியில தப்புத்தப்புன்னு நடந்தா? அது கல்யாண மண்டபத்துல போயி தூங்கற மாதிரி.

தாழங்குடாவுல ஒரு பெரியவர் வருவாரு. ராடு கிடையாது, ரீலு கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில்ல தூண்டில் நரம்பைச் சுத்தி வச்சிருப்பாரு, சின்ன ஈயம், 10-ம் நம்பர் முள்ளு, உரிச்ச இறாலுல ஒரு துண்டு. பக்கத்துல ஒருத்தரு பன்னண்டு அடி ராடை வச்சு முழு பலத்தோட வீசிக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு பெரியவரு. "இன்னாப்பா, மீனு உன் காலாண்ட நிக்குது, நீ அந்தமானுக்கு வீசற?" அப்படின்னாரு. மேப்புல பாருங்க, கடலூருக்கு நேர் கிழக்க அந்தமான்தான்! பெரியவரு சும்மா சொன்னாரோ தெரிஞ்சு சொன்னாரோ, எனக்கு அன்னிக்கெல்லாம் சிரிப்பு.

ஆனா விஷயம் அதேதான். அலை கடைசியா உடையற திட்டுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பள்ளம் ஓடும். அங்க அலை உடையாது, தண்ணி கொஞ்சம் கருப்பா தெரியும். கிழங்கான் மேயறது அங்க. போனதும் தண்ணியில கால வைக்காம, காஞ்ச மணல்ல பதினைஞ்சு நிமிஷம் உக்காருங்க. தை மாசத்துல சூரியன் ஆறரைக்குத்தான் எழும்பும், நேரம் நிறைய இருக்கு. விடியக்காலையில கரைக்காத்து மேக்கேருந்து வீசும், ஓரத்துல கடல் அடங்கியிருக்கும், பள்ளம் நல்லாவே கண்ணுக்குத் தெரியும். வெயில் ஏறி காத்து திரும்பிடுச்சுன்னா தெரியாது. பாத்தீங்களா, மறுபடியும் தண்ணியைப் பாக்கறதுக்கே வந்துட்டேன்.

தம்பி என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது வேற. ஒண்டியா போனா எதைக் கையில எடுத்துட்டுப் போவணும்? அதைத்தான் யாருமே கேக்கறதில்ல. பிளாஸ்க்கு நிறைய சுடுதண்ணி எடுத்துக்குங்க. கெளுத்தி முள்ளு குத்துனா, திருக்கை குத்துனா, சூடு பொறுக்கற அளவுக்கு விளாவி, குத்துன கையையோ காலையோ அதுல முக்கி வச்சா அந்த விஷத்தோட வலி அடங்கும். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, அதனால இன்னொரு கையை விட்டுப் பாத்துட்டு முக்குங்க. அப்புறம் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. குத்து எதுவும் வாங்கலன்னா அதுலயே டீத்தூளைப் போட்டுக்கலாம். எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்புங்க. துறைமுகத்துல ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியிருந்தாலே போவாதீங்க. காத்தே இல்லாத நாள்லகூட திடீர்னு பெரிய அலை ஏறும், ஹைதராபாத்துல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துல அதுக்கும் எச்சரிக்கை போடறாங்க, போன்லயே பாத்துக்கலாம்.

இன்னொண்ணு. தை, மாசியில ராத்திரி நேரத்துல பங்குனி ஆமைங்கற கடலாமை முட்டையிட கரையேறும். பாத்தீங்கன்னா தலையில மாட்டியிருக்கிற லைட்டை அணைச்சுட்டு நரம்பைச் சுத்திக்கிட்டு தள்ளி வந்துடுங்க. போட்டோ எடுக்கக் கிட்ட போவாதீங்க. அறுந்த நரம்பை மணல்ல விட்டுட்டும் வராதீங்க, அதுல ஆமையும் மாட்டும், காக்காயும் மாட்டும். கரைவலை இழுக்கிறவங்க வந்துட்டா இடத்தை விட்டுக் குடுத்துடுங்க, அது அவங்க பொழப்பு.

அடுத்து ஒருத்தரு பிரெய்டு (பின்னல்) நரம்பு நல்லதா, சாதா நரம்பு நல்லதான்னு கேட்டிருக்காரு. கிழங்கானுக்கு சாதா நரம்பே போதும். கொடுவாவுக்கு என்னன்னு ஏற்கெனவே ஒரு வீடியோ போட்டிருக்கேன், அதைப் பாத்துட்டு வந்து கேளுங்க.