வேலைக்குப் போகிறவனுக்கு எதற்குச் சுற்றுலா விசா?

அன்பு நேயர்களே, வணக்கம். கைபேசியில் வரும் ஒரு வேலை விளம்பரம் நம் பிள்ளைகளை எப்படி அடிமையாக்கிவிடுகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2022இல் மியான்மரின் மியாவாடியில் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிக்கிக்கொண்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் போனார்கள். சமூக ஊடகத்தில் விளம்பரம், வீடியோ அழைப்பில் நேர்காணல். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, எல்லையிலுள்ள மே சோட் ஊருக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைத் தாண்டி மியான்மருக்குள் நுழைய வைத்துவிட்டார்கள். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் அன்பாகப் பேசி, கிரிப்டோ என்ற இணைய நாணயத்தில் பணம் போட வைக்க வேண்டும். மறுத்தால் அடி. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது.

நான் தொழிலாளர்களுக்குச் சட்ட உதவி செய்பவன். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் கையில் விமான டிக்கெட், முகத்தில் கோபம். அம்மா சொன்னார்: "இவங்க அப்பா சவுதிக்குப் போறப்ப மெடிக்கல் எடுத்தாங்க, ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினாங்க, விசா வர மூணு மாசம் ஆச்சு. இவனுக்கு மூணே நாள்ல எல்லாம் முடிஞ்சிருச்சு. டைப்பிங் வேகம் மட்டும்தான் கேட்டாங்களாம். வேலைக்குப் போறவனுக்கு எதுக்கு சார் சுற்றுலா விசா?"

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்த விசாவைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார். பையனை விட்டே, "வேலை அனுமதிக் கடிதம் அனுப்புங்கள்" என்று வேலை தருவதாகச் சொன்னவரிடம் டெலிகிராம் செயலியில் கேட்கச் சொன்னேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கணக்கே காணாமல் போய்விட்டது. பையன் நெடுநேரம் பேசவே இல்லை.

அதனால்தான் எங்கே போனாலும் இதையே சொல்கிறேன். சுற்றுலா விசாவில் வேலை கிடையாது. "அங்கே போனதும் மாற்றித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், கிளம்பாதீர்கள்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? விளம்பரம் வந்த அதே கைபேசியில்தான். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பெயர் இருந்தாலும் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே இணையத்தில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

திரும்பி வந்தவர்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில், மியான்மரில் இப்படிச் சிக்கி மீண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் வந்து சேர்ந்தார்கள். அடித்து மிரட்டி மோசடி செய்ய வைக்கப்பட்டவர்களை மோசடிக்காரர்கள் என்று ஊரில் பேசாதீர்கள். வந்தவர்களே, முகவரோடு பேசிய உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் கைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். அந்த முகவர் மேல் வழக்குப் போட அதுதான் சாட்சி. வணக்கம்.