காலணிக்குள் வைக்கும் மெத்தை நரம்பு வலியைத் தீர்க்குமா?

"முன்பாதத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறது, இன்சோல் வாங்கி வைத்தும் குறையவில்லை, இதெல்லாம் வெறும் வியாபாரம்தானா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

குதிகால் வலி பற்றிய பேச்சில் சொன்னதையே மீண்டும் சொல்கிறேன். மெத்தை நரம்பைக் குணப்படுத்தாது. அழுத்தம் விழும் இடத்தை மாற்றும், அவ்வளவுதான். ஆகவே நரம்பு பாதத்திலேயே நசுங்குகிறதா என்பதை முதலில் அறிய வேண்டும்.

மார்ட்டன் நியூரோமா என்ற முன்பாத நரம்புப் பாதிப்பில், பெரும்பாலும் மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையே செல்லும் நரம்பு, விரல்களின் அடியில் முடியும் பாத எலும்புகளின் தலைகளுக்கு நடுவே நெருக்குண்டு தடித்துப்போகிறது. இதற்கான சிறு திண்டை அந்த எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைத்தால்தான் எலும்புகள் விலகி நரம்புக்கு இடம் கிடைக்கும். என்னிடம் வந்த ஒரு அம்மையார் வலிக்கும் இடத்துக்கு நேர் கீழேயே அதை ஒட்டிக்கொண்டு, வலி கூடிவிட்டது என்று திண்டைத் திட்டிக்கொண்டிருந்தார். விரற்கடை அளவு பின்னுக்கு நகர்த்தி ஒட்டியபின் அறைக்குள் நடந்து பார்த்தார், திட்டுவது நின்றது.

உள் கணுக்காலுக்குப் பின்னால் செல்லும் நரம்பு நெருக்கப்படும் டார்சல் டனல் பாதிப்பில், பாதம் உட்பக்கம் சரிவதும் ஒரு காரணமாக இருந்தால், உள்வளைவைத் தாங்கும் மெத்தை நரம்பு இழுபடுவதைக் குறைக்கும். ஆனால் வளைவு மிகக் கடினமாகவும் உயரமாகவும் இருந்தால், அதுவே நரம்பை அழுத்தக்கூடும்.

கீழ்முதுகுத்தண்டிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5, எஸ்1 என்ற நரம்புவேர்கள் அழுந்துவதால் பாதத்துக்கு இறங்கும் வலியை எந்த மெத்தையும் தீர்க்காது. நீரிழிவால் இரு பாதங்களும் எரிந்து மரத்துப்போவதையும் அது மாற்றாது; எனினும் உணர்விழந்த பாதத்தில் புண் வராமல் காக்க அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை அவசியம்.

காலணிக்குள் மெத்தைக்கு இடம் இருக்கிறதா என்று அந்த நேயர் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். முனை குறுகிய காலணிக்குள் இன்னொரு மெத்தையைத் திணித்தால் நரம்பு மேலும் நசுங்கும்; குதி உயர்ந்ததாயிருந்தால் உடலின் எடை முன்பாதத்தில்தான் இறங்கும். ஒரு தாளில் நின்று பாதத்தை வரைந்து, காலணியை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் முதலில் காலணியை மாற்றுங்கள். பழைய உள்மெத்தையைக் கழற்றிவிட்டுப் புதியதை வையுங்கள். அப்படியும் வலி குறையாவிட்டாலோ, பாதத்தைத் தூக்கவே வலுவில்லாமல் போனாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள்.