பிசிறு எடுக்காத ஓட்டையில் ரிவெட் அடிக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் விமானம் என்றாலே எச்.ஏ.எல். ஞாபகம்தான் வரும். விமானபுரா, முருகேஷ்பாளையா பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அப்பாவோ தாத்தாவோ அந்தத் தொழிற்சாலைக்கு சைக்கிளில் போய் வந்தவர்கள். 1951-ல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம் முழுக்க உலோகம், இங்கேயே வடிவமைத்து இங்கேயே கட்டியது. அதே வேலையை வீட்டு ஷெட்டில் செய்ய முடியுமா என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்தேன். முடியும். மும்பை காந்திவலியில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார், 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் அதற்குப் பதிவு கிடைக்க 2017 ஆகிவிட்டது. தகடு வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவு பொறுமை காகித வேலைக்கும் வேண்டும்.

சரி, தகடுக்கு வருவோம். வீட்டில் கட்டுகிற இந்த வகை விமானங்களில் பெரும்பாலும் 2024-டி3 அல்லது 6061-டி6 என்ற அலுமினியக் கலவைதான். வெல்டிங் செய்தால் சூட்டில் அதன் பலம் போய்விடும், அதனால் உடம்பு முழுக்க ரிவெட், அதாவது ஓட்டையில் நுழைத்து, முனையை அடித்து நசுக்கித் தகடுகளைச் சேர்க்கிற உலோக ஆணி. ஒரு சின்ன இரண்டு சீட் விமானத்துக்கே பத்தாயிரத்துக்கு மேல் வரும். பத்தாயிரம் ரிவெட் என்றால் பத்தாயிரம் ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் இரண்டு மூன்று தகடுகளைத் தாண்டிப் போகும், அப்போது பிசிறு எடுக்க வேண்டிய ஓரங்கள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிரில் வெளியே வந்ததும் ஓட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், கூராகத் துருத்திக்கொண்டு ஒன்று தட்டுப்படும், அதுதான் பிசிறு. ஷாம்பூ பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்குமே, அங்கிருந்துதானே கிழிகிறது, தகடும் அப்படித்தான். இறக்கை ஒவ்வொரு முறை அதிரும்போதும் அந்தப் பிசிறு இருக்கிற இடத்தில்தான் விரிசல் தொடங்கப் பார்க்கும். 1988-ல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-க்கு நடுவானில் கூரையே பிய்ந்து போனது, ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அங்கே காரணம் பிசிறு இல்லை. ஒட்டுப் பசை விட்டு, அரிப்பு ஏறி, ரிவெட் ஓட்டைகளின் ஓரத்தில் விழுந்த விரிசல்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. ஆனால் தகட்டில் விரிசல் எங்கிருந்து கிளம்பும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. அதனால் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய டிரில் பிட்டை எடுத்து, மெஷினில் மாட்டாமல் விரலால் ஓரிரு சுற்று சுற்றினால் போதும், அதிகம் சுற்றினால் தகடே தேய்ந்துவிடும். அப்புறம், தகட்டில் அளவு குறிக்க பென்சில் எடுக்கவே எடுக்காதீர்கள், அதிலிருக்கும் கிராஃபைட் அலுமினியத்தை அரித்துவிடும், மார்க்கர் பேனாதான்.

எங்கள் ஷெட்டில் இப்போது வால் பகுதி நடக்கிறது. எல்லோரும் வாலில்தான் தொடங்குவார்கள், சின்ன உருப்படி, கை பழகும், கெட்டுப்போனாலும் செலவு குறைவு. ரிவெட்டை அடிக்கிற ரிவெட் கன் என் கையில், மறுபக்கம் ரிவெட்டின் முனை நசுங்குவதற்காக உள்ளே இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொள்வது அக்கா மகள். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, அவள் கட்டையால் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம், இரண்டு தட்டு என்றால் "இன்னும் அடி மாமா". அடித்து முடித்ததும் கட்டைப் பக்கம் நசுங்கி உருவாகும் தலை, ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும், அதாவது 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 4.8 அகலம், 1.6 உயரம். சாய்ந்துவிட்டால் துளைத்து எடுத்துவிட்டு வேறு அடிப்போம். அவள் அளவுகோலை வைத்துப் பார்த்து "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான், அதில் நான் வாதம் பண்ணுவதில்லை.

ஆசை இருக்கிறவர்கள் கிட்டுக்கு, அதாவது நாமே சேர்த்துக் கட்டும்படி வருகிற விமானப் பாகங்களுக்கு, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் டிரில், அரம் எல்லாம் வாங்கலாம், ஆனால் ரிவெட்டை மட்டும் அங்கே கிடைப்பதை வாங்காதீர்கள், விமானத்துக்கு அதிகம் போடுகிற ஏ.டி. ரிவெட்டின் தலை நடுவில் சின்னக் குழி ஒன்று இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு துண்டுத் தகட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 3.2 மி.மீ. ரிவெட்டை, ஓரத்திலிருந்து ஓட்டையின் மையம் குறைந்தது 6.4 மி.மீ. உள்ளே இருக்கும்படி ஒரு வரிசை அடியுங்கள். அளந்து பாருங்கள். பிறகு அத்தனையையும் துளைத்துக் கழற்றி, ஓட்டைகள் பெரிதாகாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் வால் கிட்டுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.